முப்பதுக்குக் கீழே

தூங்கும்போதுதான் எண்ண வேண்டுமாம்.
அதிலும் கனவில்லாத தூக்கமாகப் பார்த்து,
மீசை துடிக்காமல்
பாதம் எதையும் துரத்தாமல் இருக்கும்போது.
விலா ஏறி இறங்கினால் ஒன்று.
நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டக் கூடாது.

இருபத்தேழு வருஷம்
மாட்டுங்கா கிளையில் கண்ணாடிக்குப் பின்னால்
பிறத்தியார் பணத்தை எண்ணியவள் நான்.
நடுவில் யாராவது பேசினால்
முதலிலிருந்து தொடங்குவேன்.
இப்போதும் அப்படித்தான்.
செம்பூர் நாக்காவில் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்க
பதினெட்டு காணாமல் போகிறது.
மறுபடி ஒன்று.

சில்லறை என்று பேர் வைத்தேன்.
கூண்டுச் சீட்டில் மின்னி என்று எழுதியிருந்தது;
எந்தப் பேருக்கும் அவள் திரும்புவதில்லை.
வயது: ஆறு இருக்கலாம். சுபாவம்: சாது.
இதயம் என்றொரு கட்டம்
அந்தப் பாரத்தில் இல்லை.

மூன்றாவது வாரம் அவள்மேல் காது வைத்துப் படுத்தேன்.
தண்டவாளம் மாறும் லோக்கல் மாதிரி
தடதடத்து, தயங்கி, மறுபடி தடதடத்தது.

டாக்டர் நஃபீசா பில்லின் பின்பக்கம் வரைந்து காட்டினார்.
வெளியளவு அப்படியேதான் இருக்கிறது.
சுவர் உள்பக்கமாகத் தடிக்கிறது,
அறை சுருங்குகிறது.
இந்த ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
கார்ப்பெட் ஏரியா குறைகிறது, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தார்.

பூனைக்கா எக்கோ,
தூத்துக்குடியிலிருந்து தம்பி கேட்டான்,
எங்க முதலாளிக்கே இன்னும் எடுக்கலையே.

காலையில் கால் மாத்திரை, இரவில் கால் மாத்திரை.
பிளேடால் நறுக்கும்போது தெறிக்கும் பொடியை
விரலில் ஒற்றி நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
அப்புறம் ஒரு வாரம்
அவளைத் திட்டவில்லை.

ஜூலையில் ஒரு ராத்திரி நாற்பத்தாறு.
வாய் திறந்திருந்தது.
அவளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு ஓடினேன்.
சயானுக்கு அப்பால் ஆட்டோ போகாது,
மழையில் இறங்கி டாக்சிக்குக் கை நீட்டினேன்.
நான்கு வண்டி நிற்கவில்லை.
ஐந்தாவது ஓட்டுநர், பஸ்தியாம் ஊர்,
கூடையில் என்ன என்றார்.
கர் கா ஆத்மி, என்று வந்துவிட்டது வாயில்.
ஹிந்த்மாதாவில் தண்ணீர் கதவு வரை ஏறியது.
அவர் வேறெதுவும் கேட்கவில்லை,
எப்சனை மட்டும் உறுமவிட்டுக்கொண்டே இருந்தார்,
அணைந்தால் முடிந்தது என்று அவருக்கும் தெரிந்தமாதிரி.

ஆக்சிஜன் பெட்டிக்குள் இரண்டு நாள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
பழகிய இடம்தான்,
எண்ணக் கொடுக்க மட்டும் யாருமில்லை.

வீடு வந்தபின் ஓதம் ஏறியதென்று
செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினேன்.
சுவரோரம் பதினோரு கால் மாத்திரை.
ஒவ்வொன்றும் விழுங்கியதாக நான் டிக் அடித்தது.
தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
என் கேஷ் ஒருநாளும் பத்து ரூபாய் இடித்ததில்லை.
சில்லறை வந்து ஒன்றை முகர்ந்தாள்,
யார் வீட்டுப் பொருளோ என்பதுபோல்
போய்விட்டாள்.

உப்பு ஆகாது அவளுக்கு.
எதிர்வீட்டு ரஞ்சனா காம்ளே
பால்கனிக் கம்பியில் பொம்பில் காயப்போடும் நாட்களில்
கிரில்லோரம் உட்கார்ந்து
கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பாள்.
பார்க்கட்டும்.
பார்ப்பதில் உப்பு இல்லை.

இன்றைக்கு இருபத்தைந்து வரை வந்துவிட்டேன்,
நாற்பத்தெட்டாவது விநாடி.
கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.
விழித்திருக்கும் மூச்சு கணக்கில் சேராது.
நோட்டில் கோடு போட்டு
விளக்கை அணைத்தேன்.
இருட்டில் வந்து
என் வயிற்றின்மேல் ஏறிப் படுத்தாள்,
அது ஏறி இறங்குவதோடு
தானும் ஏறி இறங்கிக்கொண்டு.